ஹைம்வே என்னும் வருத்தம்

ஆடிப்பிறப்பன்று மாலை, வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியின் அயல்வீட்டுக்குக் கூழ் குடிக்க அழைக்கப்பட்டிருந்தோம். அவ்வீட்டு அம்மாவின் மகளும் பேர்த்தியும் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்து பாடசாலை விடுமுறையைக் கழிக்க வந்திருந்தனர். பனங்கட்டி மணக்கும் கூழும் கொழுக்கட்டையும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு வயதுப் பேர்த்தியோ அவற்றைத் திரும்பியும் பாராமல், உள்ளறையிற் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. ஆயினும் இரண்டு நாளாக ஒழுங்கான சாப்பாடும் இல்லை, உறக்கமும் இல்லை என்றனர்.

"பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று அம்மம்மா பதைத்தார்.

"ஒரு வருத்தமுமில்லை அம்மா. இவளுக்கு ஹைம்வே."

"அதென்ன வருத்தம் பிள்ளை? டொக்டரிட்டைக் காட்டினனீங்களே?"

மகள் சிரித்துவிட்டாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வைத்திய விவாதத்தின் நடுவே, தாம் அறியாமலே அந்த முதியவர் சரியான கேள்வியுடன் வந்து நிற்பதாக நமக்குத் தோன்றியது. ஹைம்வே என்பது ஒரு காலத்தில் மெய்யாகவே வைத்தியரிடம் காட்டவேண்டிய நோயாக இருந்தது. அதனால் இறந்தோரும் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அது இரு சொற்கள் ஒட்டிய ஒரு ஜேர்மன் சொல். சொற்களைத் தோளோடு தோள் சேர்த்து நிறுத்துவதில் ஜேர்மானியர் வல்லவர். நோயாளரின் வீட்டைக் 'கிராங்கன்ஹவுஸ்' என்று ஒரே மூச்சிற் சொல்லி ஆஸ்பத்திரியைக் குறித்துவிடுவர். ஹைம்வே என்பதில் வரும் 'வே' நோவைக் குறிக்கும். 'ஹைம்' என்பதற்கு அகராதிகள் வீடு என்று பொருள் கூறும். ஆனால் சுவரும் கூரையுமாகிய வீட்டுக்கு அவர்களிடம் 'ஹவுஸ்' என்ற வேறு சொல் இருக்கிறது. ஹைம் அதனினும் அகன்றது. ஜேர்மனியின் வரைபடத்தை விரித்தால் மன்ஹைம், ஹில்டஸ்ஹைம் என்று 'ஹைம்' ஈற்றிலே நிற்கும் ஊர்ப்பெயர்கள் நிறையக் கிடைக்கும். நமது நல்லூர், புத்தூர் என்று பெயர்களைப் புரட்டும்போது 'ஊர்' வந்து நிற்பதைப் போன்றதே அது. கிளைமொழியாகிய பழைய கொதிக் மொழியில் அச்சொல்லின் உறவுச் சொல்லுக்குக் கிராமம் என்றே பொருள். ஆகவே ஹைம் என்பதை ஊர் என்று மொழிபெயர்த்தலே நேர் என்பது நம் எண்ணம்.

மற்றைப் பாதிக்கும் நம்மிடம் ஆயத்தமான சொல் உண்டு. தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம், "அம்மாவுக்கு வருத்தம்" என்று நாம் ஒருமுறை சொன்னபோது, "யார் மீது?" என்று அவர் கேட்டார். அங்கே வருத்தம் மனத்துயர். இங்கே அது காய்ச்சலும் வயிற்றுவலியும். ஒரே சொல் பாக்குநீரிணைக்கு அப்பால் மனத்திலும் இப்பால் உடலிலும் குடியிருக்கிறது. ஹைம்வே என்ற நோய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கடலிலே தத்தளிப்பது. அதனை 'ஊர்வருத்தம்' என்று சொன்னால் இரு கரையாருக்கும் விளங்குமன்றோ?

இச்சொல்லை வைத்தியத்துக்குள் கொண்டுவந்தவன் ஒரு பத்தொன்பது வயது இளைஞன். முல்ஹவுஸ் நகரத்தவனாகிய யோஹான்னஸ் ஹோபர், 1688ஆம் ஆண்டில் பாசல் பல்கலைக்கழகத்தில் இந்நோய் பற்றிய ஆய்வுரையைச் சமர்ப்பித்தான். சுவிஸ் மக்களின் பேச்சில் ஹைம்வே அதற்கு முன்னரே வழங்கிற்று. 1569இல் ஒரு படைத்தலைவர் லூசேர்ன் நகர மன்றத்துக்கு எழுதிய கடிதத்திலேயே, ஒருவன் ஹைம்வேயால் இறந்தான் என்ற செய்தி வருகிறது. ஊரார் நாவில் இருந்த நோய்க்கு வைத்திய நூல்களிற் பெயர் இல்லாத குறையை ஹோபர் நிவர்த்தி செய்தான். திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு வலியைக் குறிக்கும் சொல்லைக் கூட்டி 'நொஸ்டால்ஜியா' என்ற பெயரை ஆக்கினான். இன்று பழைய சினிமாப் பாட்டைக் கேட்டுச் சுகமாகப் பெருமூச்சு விடுவதற்கு நாம் பயன்படுத்தும் அச்சொல், பிறக்கும்போது ஒரு நோயின் பெயர்.

ஹோபர் காட்டிய நோயாளர் இருவர் மறக்க முடியாதவர்கள். ஒருவன் பேர்ணிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவன். துயரத்தில் தொடங்கிய வருத்தம் காய்ச்சலாகி, நெஞ்சுப் படபடப்பாகி, சாவுக்கு அண்மையில் வந்துவிட்டது. மருந்தெல்லாம் தோற்றபின், ஊருக்கு அனுப்புவதே வழி என்று பயண ஆயத்தம் செய்தார்கள். ஆயத்தத்தைக் கண்டதுமே அவனுக்கு மூச்சு இலகுவாயிற்று. பாசலை விட்டுச் சில மைல் போவதற்குள் தெளிவு வந்தது. பேர்ணை அடையுமுன் சுகமாகிவிட்டான். மற்றவள் ஒரு குடியானவப் பெண். உயரத்திலிருந்து விழுந்து நினைவிழந்து பாசல் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டாள். காயம் ஆறிற்று, ஆனால் கண் விழித்தபோது சுற்றிலும் அறியாத முகங்கள். உணவையும் மருந்தையும் துப்பினாள். எதைக் கேட்டாலும் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஒன்றே மறுமொழி. பெற்றோர் அழைத்துச் சென்றனர்; சில நாட்களில், ஒரு மருந்துமின்றி எழுந்து நடமாடினாள்.

ஊர் பற்றிய எண்ணங்கள் பதிந்திருக்கும் மூளையின் நார்களிலேயே உயிராவி ஓயாது ஓடி அதிர்வதால் மற்றைய உறுப்புகள் வறண்டுபோகின்றன என்று ஹோபர் காரணம் கூறினான். அதை இன்று ஒருவரும் ஏற்கார். ஆனால் அவன் எழுதிய சிகிச்சை வரிசையை நாம் மதிக்கிறோம். பேதிக்குக் கொடுக்கலாம், உறக்கத்துக்கு அபின் கொடுக்கலாம், திரும்பலாம் என்ற நம்பிக்கையைக் கொடுக்கலாம்; ஒன்றும் பலிக்காவிட்டால், நோயாளி எவ்வளவு தளர்ந்திருந்தாலும் வண்டியிலோ கட்டிலிலோ வைத்து ஊருக்கு அனுப்பிவிடவேண்டும். தன் மருந்துப் பெட்டியின் எல்லையை அறிந்த வைத்தியன் அவன்.

பேர்ண் நகரத்து மாணவன், பேர்ண் நகரத்துச் சிறுமி. இந்தப் பொருத்தம் நம்மை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாம் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம்.

ஹைம்வேக்கும் கொட்டாஞ்சேனைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். அங்கே மேட்டின்மீது நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்த்தோர் அப்படிக் கேளார். பெயரே ஓர் ஒட்டுச்சொல். ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும். ஓநாய் இல்லாத இலங்கையில் நரியைக் கண்டு ஓநாய் என்று எண்ணினர் போலும். ஊரை விட்டுப் பிரிந்தவன் புதிய இடத்திலும் தன் ஊர் விலங்கையே காண்கிறான்! 1749இல் அத்திவாரமிட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த அத்தேவாலயம் சிலுவை வடிவமானது, தடித்த சுவர்கள், உள்ளே நுழைந்தால் வீதியின் லொறி இரைச்சல் அறுந்துவிடுகிறது. கோட்டையில் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் இங்கே கொண்டுவந்த கல்லறைக் கற்கள் நிலத்திற் பதிந்துள்ளன. கேடயங்களும் இலச்சினைகளும் தாங்கிய கற்கள் அவை. சாதாரணச் சிப்பாய்க்குக் கல் ஏது?

அச்சிப்பாய்களிற் பலர் ஒல்லாந்தர் அல்லர். ஒல்லாந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியல் ஜேர்மானியராலும் சுவிஸ்காரராலும் நிறைந்திருந்தது. பேர்ண் நகரத்து ஓவியனாகிய அல்பிரெக்ட் ஹேர்போர்ட் கம்பெனிச் சிப்பாயாகக் கீழைத்தேசம் வந்து, இலங்கையையும் கண்டு, 1669இல் தன் பயண நூலைச் சொந்த ஊரிலே வெளியிட்டான். அவனும் வேறு சிலரும் எழுதியவற்றை றேவன்-ஹார்ட் ஆங்கிலப்படுத்தி, 1953இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்டது. பேர்ணிலிருந்து கொழும்புக்கு வந்த வழி ஆக, புதியதன்று. எதிர்த்திசையில் நம்மவர் போனதுதான் புதிது.

நூறு ஆண்டுகளின் பின் ஆளாக வந்த கூலிச்சிப்பாய் போய்ப் படையாகவே வந்தார்கள். வூர்ட்டம்பேர்க் கோமகன் தன் குடிமக்களிலிருந்து ஏறக்குறைய 2,000 பேர் கொண்ட படையொன்றைத் திரட்டிக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டான். 1787இல் அவர்கள் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டபோது பாடுவதற்கென்று ஷூபார்ட் என்ற புலவர் பிரியாவிடைப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அப்புலவர் அதே கோமகனின் சிறையிற் பத்தாண்டு கிடந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அப்படையின் ஒரு பகுதி பின்னர் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஊர் திரும்பியோர் மிகச் சிலரே.

மற்றையது நியூசாத்தல் பிரபுவாகிய டி மெயுரோன் 1781இல் திரட்டிய சுவிஸ் படை. கொழும்பைக் காத்துநின்ற அப்படையை, 1795இல் ஸ்கொத்லாந்துப் பேராசிரியராகிய ஹியூ கிளெக்ஹோர்ன் நியூசாத்தலுக்கே போய்ப் பிரபுவிடம் பேசி ஆங்கிலேயர் பக்கம் வாங்கிவிட்டார். பிரபுவின் கட்டளை கொழும்பிலிருந்த அவர் தம்பிக்கு ஒல்லாந்தப் பாலாடைக்கட்டிக்குள் மறைத்து அனுப்பப்பட்டது என்றொரு கதை உண்டு. படை கைமாறிற்று, 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நமது பாடப்புத்தகங்கள் அத்துடன் நிறுத்தும். அச்சிப்பாய்களோ ஊர் திரும்பவில்லை. 1799இல் ஸ்ரீரங்கபட்டணத்திலே திப்பு சுல்தானுக்கெதிராகப் போரிட்டு, பின் கடல்கடந்து, 1816இல் கனடாவிலே படை கலைக்கப்பட்டது. வாங்கியவரும் விற்றவரும் அவர்களின் ஹைம் எங்கே என்று கேட்டாரில்லை.

அதே 1794ஆம் ஆண்டிலிருந்து 1796ஆம் ஆண்டு வரை, ஜேர்மனியில் யுங்-ஸ்டில்லிங் என்பவர் 'ஹைம்வே' என்ற பெயரிலேயே ஒரு நெடுங்கதையை வெளியிட்டார். கண்ணிற் படர்ந்த புரையை அகற்றுவதிற் பேர்பெற்ற வைத்தியர் அவர். ஆனால் அவருடைய கதையில் வரும் ஏக்கம் ஆன்மா தன் விண்ணக வீட்டை எண்ணி ஏங்குவது. முத்திக்கு 'வீடு' என்றே பெயரிட்ட தமிழருக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

தேவாலயத்தின் மேட்டிலிருந்து இறங்கி, பொன்னம்பலவாணேசுவரத்துக்கு நடந்தோம். யாழ்ப்பாணத்து மரபில் வந்து கொழும்பிலே வாழ்ந்த பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையிற் கருங்கல்லாற் புதுக்கினார். கல்மண்டபத்தின் குளிர்ச்சியில் உட்கார்ந்திருந்தபோது, ஊர்வருத்தத்துக்கு ஹோபர் எழுதாத மருந்தொன்று நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்ப இயலாதவன் ஊரின் ஒரு துண்டைக் கொண்டுவந்து நட்டுவிடுகிறான். ஒல்லாந்தன் தேவாலயத்தை நட்டான். முதலியார் சிவாலயத்தை நட்டார். ஜேர்மனியின் ஹம் நகரத்திலே 2002இல் நம்மவர் காமாட்சி அம்பாளுக்கு இராசகோபுரத்துடன் கோயில் எழுப்பிக் குடமுழுக்குச் செய்தனர். பேர்ணில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்திலும் ஒரு சைவக் கோயில் இருக்கிறது. அயல்வீட்டுச் சிறுமி வெள்ளிக்கிழமைகளிற் போவது அங்கேதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு வந்து, பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தோம். 1681இலேயே அது இருந்ததற்குச் சான்று உண்டு. இரு முற்றங்கள், தாழ்ந்த ஓட்டுக்கூரை, பெருத்த தேக்கு விட்டங்கள். 1996ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய வங்கியிற் குண்டு வெடித்தபோது சேதமுற்று, பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. கப்பலிலிருந்து தூக்கி வரப்பட்ட நோயாளிகள் கிடந்த கூடத்தில் இப்பொழுது நண்டு பொரிக்கிறார்கள். நாம் ஒரு தேநீருடன் எழுந்துவிட்டோம், விலை அத்தகையது.

கோட்டைப் புகையிரத நிலையத்தைப் பற்றி ஒரு சொல். வெள்ளவத்தைக்கு வண்டி எடுக்க நின்ற அரைமணி நேரத்தில், எத்தனை ஊர்வருத்தங்கள் ஏறி இறங்கிய தண்டவாளம் இந்நாட்டினது என்று எண்ணிக்கொண்டோம். 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தபின் பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு என்று எழுதிற்று. அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்களிட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தாயகம் திரும்புகிறார்கள் என்றது அரசாங்கம். நீலகிரியிற் குடியேறியபின் அவர்கள் ஊர் என்று சொல்லி அழுதது ஹற்றனையும் பதுளையையும். 1983 யூலையில் வெள்ளவத்தையிலே வீடுகள் எரிந்தபோது, கப்பலிலும் புகையிரதத்திலும் வடக்கே போனவர் பலர்; அங்கிருந்து ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனவர் பலர். சுவிற்சர்லாந்தில் மட்டும் இன்று ஏறக்குறைய 50,000 ஈழத்தமிழர் வாழ்கின்றனர் என்பர்.

கடலோரமாக ஓடும் வண்டியில் வெள்ளவத்தையை அடைந்தபோது, சுவிஸ் அறிஞர் ஷொய்க்சரை நினைத்துச் சிரித்துக்கொண்டோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவிஸ்காரர் மட்டும் ஊரை எண்ணி நோயுறுவது கோழைத்தனமன்று என்று காட்ட அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். உயர்ந்த மலையின் மெல்லிய காற்றிற் பழகியவன் தாழ்நிலத்துக்கு இறங்கினால் கனத்த காற்று அவன் உடலை அமுக்குகிறதாம். ஆகவே நோயாளியைக் குன்றிலோ கோபுரத்திலோ குடியிருத்தவேண்டுமாம்! அக்கணக்கின்படி, கடல்மட்டத்து யாழ்ப்பாணத்திலிருந்து கடல்மட்டத்து வெள்ளவத்தைக்கு வந்தவருக்கு ஊர்வருத்தம் வரவே கூடாது. அயல்வீட்டு அம்மாவோ நான்காம் மாடியில் இருக்கிறார்.

அவர் பிறந்து வாழ்ந்தது மாவிட்டபுரத்துக்கு அருகே. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களோடு மக்களாய் எழும்பியவர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அவர் காணி பல ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்டது. போய்ப் பார்த்தார். கிணறு இருந்தது, வீடும் வேலியும், வேலியைக் கொண்டு வழி சொல்லும் ஒழுங்கையும் இல்லை. ஊருக்கு அனுப்பிவிடு என்றான் ஹோபர். ஊர் எழுந்து போய்விட்டால் என்செய்வது என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மா வெள்ளவத்தைச் சந்தையிற் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கி மணந்து பார்க்கிறார். பெயரிலே கொழும்பைச் சுமந்த பழத்தைக் கொழும்பிலிருந்தபடி ஊர்ப்பழம் என்கிறார். அதுவும் நம் தமிழின் வேடிக்கைகளில் ஒன்று.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்த காரணத்துக்கு வருகிறோம். பிற்காலத்தில் தத்துவஞானியாகப் புகழ்பெற்ற கார்ல் யாஸ்பர்ஸ், 1909இல் ஹைடல்பேர்க்கில் வெளியிட்ட வைத்திய ஆய்வுரையின் பொருள் ஹைம்வேயும் குற்றமும் என்பது. அன்னியர் வீடுகளிற் குழந்தை பார்க்க அனுப்பப்பட்ட சிறுமிகள், அவர்களே குழந்தைகள், வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஒரே வேகத்தில் தீ வைத்ததையும் அதனினும் கொடியதைச் செய்ததையும் அவர் ஆராய்ந்தார். பிறவிக் கொடுமை என்று தீர்ப்பளித்த இடத்தில் அவர் ஒரு நோயைக் கண்டார்.

அதைப் படித்தபோது நமக்கு வெள்ளவத்தையில் நமது சிறுபராயத்து வீடு நினைவுக்கு வந்தது. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளையை வேலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நம்மிலும் இரண்டு வயது மூத்தவள், பதினொன்றோ பன்னிரண்டோ. மூன்றாம் நாள் சோற்றை ஒதுக்கினாள். இரவிலே குசினி வாசலில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "நான் வீட்டுக்குப் போறேங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வைத்தியர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றதும் நம் வீட்டார் அதைக் கள்ளம் என்றனர். வேலைக்குக் கள்ளம், சோற்றுக்குச் செல்லம். நாமும் அவளைக் 'கள்ளி' என்று கூப்பிட்டு விளையாடினோம்.

ஐந்தாம் வாரம் அவளுடைய மாமன் வந்தார். கோட்டை நிலையத்துக்கு நாமும் கூடப் போனோம். மலைநாட்டு வண்டி மேடைக்கு வந்தது. அதுவரை பேசாதிருந்தவள் மாமனின் கையைப் பிடித்து, பணிஸ் வாங்கித் தரச் சொன்னாள். ஒன்றைத் தின்று முடித்து இன்னொன்றும் கேட்டாள். வண்டி நகரும்போது அவள் வாய் நிறையப் பணிஸ். "பார்த்தீர்களா, கள்ளந்தான்" என்றார் நம்மோடு வந்த பெரியவர். பாசலை விட்டுச் சில மைல் போவதற்குள் தெளிந்த பேர்ண் மாணவனைப் பற்றி அந்நாளில் நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், மாணவனுக்கு நோய் வரலாம், வேலைக்காரப் பிள்ளைக்கு வரலாமா என்று கேட்டிருப்பர்.

பதினாறு வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலாகாது என்று இந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான். அதற்கு முன் பதினான்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமது தமிழ்க் குடும்பங்களின் குசினிகளில் எத்தனை பிள்ளைகள் அப்படி இருந்தார்கள் என்பதை அவ்வக் குடும்பங்களே அறியும். ஒரே மொழி பேசுவோம், ஒரே சாமியைக் கும்பிடுவோம். ஆயினும் அவர்களுக்கும் ஓர் ஊர் உண்டு என்பது நமக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தை நினைத்துக் கண்கலங்கிய அதே முன்விறாந்தையின் பின்புறத்திலேதான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அயல்வீட்டுச் சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். அவளுக்கு மருந்து கொடுத்தது அவளுடைய தாய்தான். ஹோபரைப் படியாமலே, திரும்பும் விமானச் சீட்டைக் கைத்தொலைபேசியிற் காட்டி, இன்னும் பதினெட்டு நாள் என்று எண்ணிக் காட்டினாள். பிள்ளை எழுந்து முகம் கழுவினாள். அம்மம்மாவின் கூழை அன்று தொடவில்லை. மறுநாள் சூடாக்கிக் கொடுத்தபோது ஒரு கிண்ணம் குடித்தாளாம்.

நாம் ஞாயிறு மாலை வீடு திரும்பியபோது அம்மம்மாவும் பேர்த்தியும் காலி வீதியின் ஓரத்தில் நின்றிருந்தனர். இரவு பஸ்கள் யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் நேரம். பெட்டிகளும் பனையோலைக் கூடைகளும் மாவுப் பைகளும் அடியறையில் ஏறிக்கொண்டிருந்தன. நடத்துநர் இளைஞன் கதவிற் தொங்கியபடி, ஒரு மெட்டில் ஊர்களை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கிளிநொச்சி, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம்.

சுவிஸ் படைகளிடையே மாடு மேய்ப்போரின் மெட்டொன்றை இசைக்கத் தடை இருந்தது, இசைத்தால் வீரர் அழுவர், ஓடிப்போவர், இறந்தும்போவர் என்று ரூசோ தமது இசை அகராதியில் எழுதியிருக்கிறார். அந்த மெட்டிலே தனிச்சிறப்பான இசை எதுவுமில்லை. அது நினைவைத் தொடுவதால் அப்படி ஆகிறது என்பது அவர் கருத்து.

"அவர் என்ன பாட்டுப் பாடுறார், அம்மம்மா?" என்று கேட்டாள் சிறுமி.

"பாட்டில்லைக் குஞ்சு. ஊர்ப் பேர் சொல்லுறார்."

நடத்துநர் யாழ்ப்பாணத்தோடு நிறுத்திவிட்டான். பஸ் அதற்கப்பாற் போகாது. அம்மம்மா நிறுத்தவில்லை. அதே மெட்டில், பேர்த்திக்கு மட்டும் கேட்கும்படி தொடர்ந்தார். கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். பின்னர் ஓர் ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். சிறுமி கைத்தொலைபேசியின் வரைபடத்தில் அதைத் தேடத் தொடங்கினாள்.